கருவிகளின் பட்டியல்

நகராட்சியின் மானியப் படிவம்
ஒன்பதாம் கேள்வியில் நின்றுவிட்டது:
குழுவிடம் உள்ள இசைக்கருவிகள், எண்ணிக்கை, மதிப்பு.
நான் பென்சில் நுனியைக் கடிக்கிறேன்.
ஃபெலிஸ்பெர்த்தா சிரிக்கிறாள்.
எழுதும் பொருளாளரே, என்கிறாள்.

படுக்கை விரிப்பு ஒன்று,
மருத்துவமனை கழித்துப் போட்டது,
ஓரத்தில் நீல முத்திரை அழியவில்லை.
பேரங்காடிப் பைகள் மூன்று.
தொடை ஒரு ஜோடி.
மதிப்பு?
அறுபத்தொரு வருடம் உழைத்தவை,
நீரே போட்டுக்கொள்ளும்.

லிஸ்பன் முடிந்த பிறகு வரும் மேடு, அமதோரா.
கார் பழுதுபார்த்த கொட்டகைதான் எங்கள் சங்கம்.
எத்தனை முறை கழுவினாலும்
தரையில் எண்ணெய்க் கறை முகம் காட்டும்.
வெள்ளி இரவில் பதினோரு பெண்கள்
நாற்காலிகளைப் பிறையாகப் போட்டு அமர்வார்கள்.
துணியை இறுக்கிச் சுருட்டிப் பையால் பொதிந்து
தொடையிடுக்கில் செருகுவார்கள்.
மடித்ததை மடியில் வைத்தால்
முரசு.

சாந்தியாகு தீவில்
பாதிரிமார் முரசுகளைப் பறித்த காலம் ஒன்று உண்டாம்,
அன்றைக்குத் தொடங்கியதாம் இந்தத் துணியடி.
நிஜமா என்று கேட்டால்
ஒர்லாந்தா தோளைக் குலுக்குவாள்:
பறித்தார்களோ இல்லையோ,
மடி அவர்கள் கைக்கு எட்டவில்லை.

ஒருத்தி இரண்டடி அடிப்பாள்,
இன்னொருத்தி அதன் இடைவெளியில் மூன்று நுழைப்பாள்.
ஒருத்தி ஒரு வரி எறிவாள் —
இந்த வாரம் அது வீட்டுக்காரனின் வாடகை உயர்வு —
பத்துப் பேரும் பிடித்துத் திருப்பி எறிவார்கள்.
அடி ஏறும். கொட்டகைத் தகரம் ஏறும்.
அப்போது எழுவாள் சுல்மீரா,
இடுப்பில் ஒரு துணியை முடிந்துகொண்டு.

முதலில் எதையோ தொலைத்துத் தேடுகிறவள் போல
மெல்லத் திரும்பும் அந்த இடுப்பு.
பிறகு கிடைத்துவிடும்.
தலையில் ஒரு கண்ணாடிக் குவளை, நிறையத் தண்ணீர்.
மேலே குளம்,
கீழே புயல்.

பன்னிரண்டாம் கேள்வி:
தொழில்முறைக் கலைஞர்கள் எத்தனை பேர்?
சுழி என்று எழுதினேன்.
பொய் சொல்லக் கூடாதே.

மறுநாள் விடியாத நாலே முக்கால், முதல் பேருந்து.
வங்கிகளைத் துடைக்கப் போகிறவர்கள்,
விமான நிலையக் கழிவறைகளுக்குப் போகிறவர்கள்,
பள்ளிச் சமையலறைக்கு நான்.
கண்ணாடியெல்லாம் மூச்சு.
யாரும் யாரோடும் பேசாத நேரம் அது.

யார் தொடங்கியது என்று தெரியவில்லை.
சீருடைப் பையின் மேல் ஓர் உள்ளங்கை,
பின் இருக்கையில் இன்னொன்று.
அங்கோலாக்காரி ஒருத்திக்கு எங்கள் தாளம் தெரியாது,
தன்னுடையதைப் போட்டாள்; பொருந்தியது.
சுல்மீரா நடைபாதையில் எழுந்து
துடைப்பு ஏப்ரனை இடுப்பில் முடிந்தாள்.
ரவுண்டானாவில் பேருந்து சாய்ந்தது,
நாங்கள் எல்லாரும் சாய்ந்தோம்,
அவள் சாயவில்லை.

ஓட்டுநர் பக்காரி கினி-பிசாவ்காரர்,
வணக்கத்துக்குக் கூடத் தலையசைக்காதவர்.
அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தினார்.
கதவைத் திறந்தார்.
ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள்.
பிறகும் கிளப்பவில்லை.
பாட்டு முடியும்வரை
கைப்பிரேக்கில் விரல்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.
எங்கள் எல்லாருக்கும் அன்று நான்கு நிமிடம் தாமதம்.
ஒரு மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

மதியம் சுழியை அழித்தேன்.
அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழிந்து
கேள்வி பன்னிரண்டில் ஒரு ஓட்டை.
அதன் வழியாக
மேசையில் ஊறும் மொச்சைக்கொட்டை தெரிந்தது.
அப்படியே உறையிலிட்டு ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, மரியாதையான கடிதம்.
விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது,
கருவிகளின் புகைப்படங்களை அனுப்பவும்,
பயன்பாட்டில் இல்லாத நிலையில்.

ஃபெலிஸ்பெர்த்தாவிடம் வாசித்துக் காட்டினேன்.
அவள் நிமிரவில்லை.
வெள்ளிக்கிழமை அது;
பிறையில் ஒரு நாற்காலி கூடியிருந்தது,
அந்த அங்கோலாக்காரிக்கு.